வன்னியில இருந்துகொண்டே பிடிச்ச வேலையும் நிறைவான வாழ்க்கையும்: படிப்படியா ஒரு முழுமையான வழிகாட்டி

ஓ.எல் எழுதிப்போட்டு ரிசல்ட்ஸ் பாத்துக்கொண்டு நிக்கிற தம்பி, ஏ.எல்லில கம்பஸ் போக இசட் ஸ்கோர் போதாமப் போன தங்கச்சி, கம்பஸ் முடிச்சுப்போட்டு பட்டதாரி நியமனம் எப்ப வரும் எண்டு இருக்கிற அக்கா, விடிய வெள்ளன கார்மென்ற்ஸ் பஸ் ஏறுற பிள்ளையள், வயலையும் பாத்து மேசன் வேலைக்கும் போற அண்ணை, எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே கேள்வியைத்தான் என்னட்ட கேக்கினம். எனக்கு எது சரிவரும்?

யூரியூப்பில இதுக்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு. உன்ர பஷனைத் தேடிப் பிடி, அதுக்குப் பின்னால போ, காசு தானா வரும் எண்டு. இந்த அறிவுரை எங்கட பிள்ளையளுக்கு உதவுறதைவிட நோகப்பண்ணுறதுதான் கூட எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா உள்ளுக்க தேடிப் பாத்து ஒண்டும் கிடைக்காத பிள்ளை தன்னிலதான் ஏதோ குறை எண்டு முடிவெடுக்குது. உண்மையில குறை பிள்ளையில இல்லை. விருப்பம் எண்டது முதலே உள்ளுக்க ஒளிஞ்சு கிடக்கிற சாமான் இல்லை, ஒரு வேலையைக் கண்ணால கண்டு, கையால தொட்டு, கொஞ்சம் பிடிபட்டு, பக்கத்தில ரெண்டு பேர் "நல்லாச் செய்யிறாய்" எண்டு சொன்னாப் பிறகுதான் அது மெல்ல மெல்ல வளருது.

இது என்ர கற்பனை இல்லை. 2018ல பவுல் ஓகீஃப், கரொல் டுவெக், கிரெகரி வோல்ட்டன் எண்ட மூண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தவை. விண்வெளியில இருக்கிற கருந்துளை பற்றி ஒரு வடிவான வீடியோவைக் காட்டினவை, பாத்த ஆக்களுக்கு நல்லாப் பிடிச்சுது. பேந்து அதே விசயம் பற்றி கஷ்டமான ஒரு விஞ்ஞானக் கட்டுரையை வாசிக்கக் குடுத்தவை. விருப்பம் முதலே இருக்கும், கண்டுபிடிச்சாச் சரி எண்டு நம்பினவைக்கு கஷ்டம் வந்த உடன விருப்பம் கூடுதலா இறங்கிப் போட்டுது, விருப்பத்தை வளர்க்கலாம் எண்டு நம்பினவைக்கு அவ்வளவு இறங்கேல்லை. அதால கீழ இருக்கிற படிகள் எல்லாம் வளர்க்கிற வேலைக்கான படிகள்.

படி 1: மனசு இப்ப எப்பிடி இருக்கு எண்டு பாருங்கோ

இதைத் தாண்டிப் போகாதேங்கோ. 2009 வரைக்கும் நடந்ததும் பேந்து முகாமில இருந்ததும் எங்கட ஒவ்வொரு வீட்டிலயும் ஏதோ ஒரு வடிவில இப்பவும் கிடக்குது. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் வடக்கில கன வருசம் வேலை செய்து எழுதினது இதைப் பற்றித்தான், போர் தனி ஆக்களின்ர மனசை மட்டும் பாதிக்கேல்லை, குடும்பம், ஊர் எண்ட முழு அமைப்பையும் பாதிச்சது, ஆக்களை ஆக்கள் நம்புறது குறைஞ்சுது, வாய் திறக்காம இருக்கிறது கூடிச்சுது, தானா ஒரு முயற்சி எடுக்கிற துணிவும் குறைஞ்சுது எண்டு. அந்த நேரம் கைக்குழந்தையா இருந்த பிள்ளை இப்ப வேலை தேடுற வயசுக்கு வந்திட்டுது. அதுக்கு ஒண்டும் ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், ஆனா ஒண்டும் கதைக்காத அப்பாவோடயும் நித்திரையில எழும்பிக் கத்துற அம்மாவோடயும்தான் அது வளந்தது.

அதால "எனக்கு ஒண்டிலயும் விருப்பம் இல்லை" எண்டு ஒரு பிள்ளை சொன்னா உடன சோம்பேறி எண்டு ஏசாதேங்கோ. ரெண்டு கிழமைக்கு மேல கிட்டத்தட்ட எல்லா நாளும் மனம் சோர்ந்துபோய், முந்திப் பிடிச்சதும் இப்ப பிடிக்காமல், நித்திரையும் சாப்பாடும் குழம்பி இருந்தா அது மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு. மாவட்ட ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, இல்லாட்டி 1926க்கு ஃபோன் எடுங்கோ, அது தேசிய மனநல நிறுவகத்தின்ர உதவி இலக்கம். சனம் விசர் எண்டு சொல்லும் எண்டு பயந்து மறைச்சு வச்சிருந்து இளவயசைத் தொலைச்ச ஆக்களை எனக்குத் தெரியும், அதாலதான் இதை முதல் படியா வச்சிருக்கிறன். மனசு கொஞ்சம் தேறினாப் பிறகு மற்றப் படிகளுக்கு வாங்கோ, அதுகள் எங்கயும் ஓடிப்போகாது.

படி 2: வீட்டுக் கணக்கை எழுதுங்கோ, பெரிய முடிவை அறுவடைக்குப் பிறகு எடுங்கோ

ஒரு கொப்பி எடுங்கோ. மாசம் வீட்டுக்கு என்ன வேணும், லீசிங் எவ்வளவு, கிழமைக் கடன் எவ்வளவு, அடகில என்ன கிடக்குது, ஆர் ஆர் உழைக்கினம், எல்லாத்தையும் எழுதுங்கோ. கடைசியா ஒரு தொகை வரும். எந்த வேலையைச் செய்தாலும் எந்தக் கனவை வச்சிருந்தாலும் இந்தத் தொகைக்குக் கீழ வீடு இறங்கக்கூடாது எண்ட கோடு அது. அந்தக் கோடு தெரியாமல் "நான் வேலையை விடப்போறன்" எண்டு வெளிக்கிடுறது துணிவு இல்லை, அந்தப் பாரம் அம்மாவின்ர காதில கிடக்கிற தோட்டிலதான் போய் விழும்.

இதுக்குப் பின்னால ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. 2013ல சயன்ஸ் சஞ்சிகையில வந்தது, தமிழ்நாட்டில கரும்பு செய்யிற விவசாயிகளை அறுவடைக்கு முதலும் அறுவடைக்குப் பிறகும் ஒரே மாதிரியான யோசிக்கிற சோதனைகளைச் செய்ய வச்சுப் பாத்தவை. ஆள் அதே ஆள்தான், ஆனா கையில காசில்லாத, அறுவடைக்கு முந்தின காலத்தில அவையின்ர புள்ளி குறைவா இருந்தது. காசு நெருக்கடி மூளையின்ர இடத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது, வேற யோசனைக்கு இடம் விடுதில்லை எண்டுதான் அவை விளங்கப்படுத்தினவை.

எங்கட பக்கத்துக்கு இது அப்பிடியே பொருந்தும் எண்டு நினைக்கிறன். கார்த்திகை மார்கழியில உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் கடன் வாங்கிப்போட்டு, மழை கூடினாலும் பயம் குறைஞ்சாலும் பயம் எண்டு இருக்கிற நேரத்தில வெளிநாட்டு ஏஜென்சிக்குக் காசு கட்டுறது, படிப்பை நிப்பாட்டுறது, காணியை விக்கிறது மாதிரி முடிவுகளை எடுக்காதேங்கோ. மாசி பங்குனியில காலபோகம் வெட்டி நெல்லு வித்து கடன்காரரும் வந்து போனாப் பிறகு, ஆறுதலா ஒரு பின்னேரம் இருந்து யோசியுங்கோ. கடல்தொழில் வீடுகளில ஆர் எப்ப நெருக்கடியில இருப்பினம் எண்டு உங்களுக்கே தெரியும்.

படி 3: உங்களை எது இழுக்குது எண்டு எழுதி வையுங்கோ

அதே கொப்பியில ரெண்டு கிழமை, ஒவ்வொரு இரவும் மூண்டு வரி மட்டும். இண்டைக்கு எதைச் செய்யேக்க நேரம் போனது தெரியேல்லை, எதைச் செய்யேக்க கொட்டாவி வந்தது, ஆர் எனக்கிட்ட என்ன உதவி கேட்டவை. மூண்டாவது கேள்விதான் கனக்கச் சொல்லும். ஊரில கலியாண வீடு, செத்த வீடு எண்டா உங்களை எந்த வேலைக்குக் கூப்பிடுகினம்? கணக்கெழுதவோ, சமையல்கட்டை மேய்க்கவோ, லைற் கட்டவோ, வாற ஆக்களோட கதைக்கவோ? உங்களைப் பற்றி ஊருக்குத் தெரிஞ்சது சிலநேரம் உங்களுக்கே தெரியாமல் இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஹொலண்ட் 1959ல இருந்து செய்த வேலை இந்த இடத்தில உதவும். ஆக்களின்ர தொழில் நாட்டத்தை ஆறு வகையாப் பிரிச்சவர்: கையால சாமானோட வேலை செய்யிறவை, ஏன் எப்பிடி எண்டு ஆராயிறவை, கலையா எதையாவது உருவாக்கிறவை, ஆக்களுக்கு உதவுறதும் படிப்பிக்கிறதும் பிடிச்சவை, வியாபாரமும் தலைமையும் பிடிச்சவை, ஒழுங்கு கணக்கு கோவை எண்டு அடுக்கி வைக்கிறவை. ஒருத்தர் ஒண்டில மட்டும் இருக்கமாட்டார், ரெண்டு மூண்டு கலந்துதான் இருக்கும். உங்கட கொப்பியை வாசிச்சு எது ரெண்டு முன்னுக்கு வருது எண்டு பாருங்கோ. காணும், இதில கனநாள் மினக்கெடத் தேவையில்லை.

ஒரு விசயம் மட்டும் வடிவாக் கவனியுங்கோ. காணாத வேலையில ஆருக்கும் விருப்பம் வராது. ஒட்டுசுட்டானிலயோ துணுக்காயிலயோ வளர்ற பிள்ளை தன்ர கண்ணால காணுற உத்தியோகம் ரீச்சர், டொக்டர், ஜீ.எஸ், பாங்க் ஐயா, அவ்வளவுதான். கையால சாமானோட வேலை செய்யிற வகைக்குள்ள குளிரூட்டி திருத்துறது, சோலார் பூட்டுறது, அரிசி ஆலை மெஷின் பாக்கிறது, படகு எஞ்சின், பண்ணைக்குச் சொட்டுநீர் போடுறது எண்டு எத்தினை இருக்குது எண்டு பள்ளிக்கூடத்தில ஆரும் சொல்லுறதில்லை. அதாலதான் அடுத்த படி.

படி 4: சின்னதாச் செய்து பாருங்கோ

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படியைத்தான் செய்ய ஏலும் எண்டா இதைச் செய்யுங்கோ.

யோசிச்சு யோசிச்சு விருப்பம் வராது. சூசன் ஹிடி, ஆன் றெனிஞ்சர் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006ல விருப்பம் எப்பிடி வளருது எண்டு நாலு கட்டமா எழுதினவை. முதல் கட்டத்தில வெளியில இருந்து ஏதோ ஒண்டு கவனத்தை இழுக்குது. ரெண்டாவதில அந்தக் கவனம் கொஞ்சக் காலம் நிக்குது, அதுக்கு ஒரு ரீச்சரோ கூட்டாளியோ ஒரு இடமோ வேணும். மூண்டாவதில தானாக் கேள்வி கேக்கத் தொடங்குது, நாலாவதிலதான் கஷ்டம் வந்தாலும் விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற நிலை. எங்கட பிள்ளையள் கனபேர் முதல் கட்டத்தோட நிண்டு போறது விருப்பம் இல்லாததால இல்லை, ரெண்டாவது கட்டத்தில பிடிச்சு வச்சிருக்க ஆளும் இடமும் இல்லாததால. கன்றை நட்டுப்போட்டு தண்ணி ஊத்தாமல் சாதி சரியில்லாத கன்று எண்டு பிடுங்கி எறியிற மாதிரி.

அப்ப எப்பிடிச் செய்யிறது? படி 3ல வந்த ரெண்டு நாட்டத்துக்கும் பொருந்துற ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கோ. அதைச் செய்யிற ஒரு ஆளைப் போய்ப் பாருங்கோ, ஒரு நாள் பக்கத்தில நிக்க விடச்சொல்லிக் கேளுங்கோ. "அண்ணை, நான் வேலை கேட்டு வரேல்லை, ஒரு நாள் நிண்டு பாக்கட்டா? கூட்டித் துடைச்சும் தாறன்" எண்டு கேட்டா கராஜிலயும் சரி, பேக்கரியிலயும் சரி, பால் சேகரிக்கிற இடத்திலயும் சரி, அனேகமா ஓம் எண்டுதான் சொல்லுவினம். பிடிச்சா ஒரு கிழமை. அதுக்கும் மேல பிடிச்சா ஒரு கோர்ஸ்.

கோர்ஸுக்கு எங்க போறது எண்டு கேக்கிற ஆக்களுக்கு: கிளிநொச்சி அறிவியல்நகரில ஜேர்மன் ரெக் எண்டு நாங்கள் சொல்லுற இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கு, 2016ல திறந்தது, அதே அறிவியல்நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கு. தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கு, நைற்றா எண்டு சொல்லுற தேசிய பயிலுனர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் இருக்கு. வவுனியா வளாகம் 2021 ஆவணியில தனிப் பல்கலைக்கழகமா வந்திட்டுது. என்.வி.கியூ எண்டது தேசிய தொழில் தகைமை, அதில ஏழு மட்டம், நாலு வரைக்கும் சான்றிதழ், அஞ்சும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன். ஏ.எல் சரிவராத பிள்ளை அந்த வழியால பட்டம்வரை போகலாம் எண்டதை அப்பா அம்மாவுக்கு வடிவா விளங்கப்படுத்துங்கோ, ஏனெண்டா கனபேர் அதை "படிக்காத பிள்ளையளின்ர படிப்பு" எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம், அது பிழை.

இன்னொண்டு, பதினைஞ்சு வருசமா மேசன் வேலையோ வயரிங்கோ செய்து சான்றிதழ் ஒண்டும் இல்லாமல் இருக்கிற அண்ணைமாரே, முன்அனுபவத்தை வச்சு மதிப்பீடு செய்து என்.வி.கியூ குடுக்கிற முறை இருக்கு. திரும்ப முதல்ல இருந்து வகுப்பில குந்தி இருக்கத் தேவையில்லை. போய் விசாரியுங்கோ.

படி 5: எந்த வேலையையும் மூண்டு கேள்வியால அளந்து பாருங்கோ

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் றிச்சர்ட் றையனும் கன வருச ஆராய்ச்சியில கண்டது, மனுசர் ஒரு வேலையில உயிர்ப்போட இருக்க மூண்டு தேவை நிறையவேணும். ஒண்டு, இதை நான் மனம் ஒத்துத்தான் செய்யிறன் எண்ட உணர்வு. ரெண்டு, நான் இதில தேறிக்கொண்டு வாறன் எண்ட உணர்வு. மூண்டு, என்னில அக்கறையான ஆக்களோட இருக்கிறன் எண்ட உணர்வு. இந்த மூண்டும் இந்த வேலையில எனக்கு இருக்கோ எண்டதுதான் அந்த மூண்டு கேள்வி. சம்பளம் இதுக்குப் பதிலா வராது. 1971லயே டெசி புதிர் விளையாட்டை வச்சு ஒரு சோதனை செய்து, சும்மா ஆசையா விளையாடின ஆக்களுக்குக் காசு குடுத்துப்போட்டு பேந்து நிப்பாட்டினா அவைக்கு முதல் இருந்த ஆசையும் குறைஞ்சு போறதைக் காட்டினவர். அதுக்காகக் காசு வேண்டாம் எண்டு ஆரும் சொல்லேல்லை, படி 2ல போட்ட கோடு அப்பிடியே இருக்கு.

மனம் ஒத்துச் செய்யிறது எண்டா அப்பா அம்மாவை எதிர்த்துக்கொண்டு தனியப் போறது எண்டு விளங்கிக்கொள்ளுற ஆக்கள் இருக்கினம். அது சரியில்லை, இந்த ஆராய்ச்சியாளர்களே அதைத் தெளிவாப் பிரிச்சுச் சொல்லியிருக்கினம். அப்பா சொன்னதை யோசிச்சுப் பாத்து, "ஓம், இது எனக்கும் சரி" எண்டு ஏத்துக்கொண்டு செய்தா அதுவும் என்ர விருப்பம்தான். பயத்தில செய்தாத்தான் பிரச்சினை. பிடிவாதத்தில எதிர்த்துச் செய்தாலும் அதே பிரச்சினைதான்.

அதால வீட்டில கதைக்கிற முறை முக்கியம். எங்கட அப்பாமார் அரசாங்க உத்தியோகம் எண்டு நிக்கிறது பேராசையில இல்லை, எல்லாத்தையும் விட்டிட்டு ஓடின ஆக்களுக்கு பென்சன் எண்டது ஆரும் பறிக்கேலாத சொத்தாத் தெரியுது. அந்தப் பயத்தை முதல்ல மதியுங்கோ. "அப்பா, ஏ.எல் திருப்பி எடுக்கமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. சித்திரை வரைக்கும் இந்தக் கோர்ஸைச் செய்து பாக்கிறன், இவ்வளவு காசு முடியும், சரிவராட்டி திரும்ப எழுதுறன், சித்திரைக்குப் பிறகு நீங்களும் நானும் இருந்து கதைப்பம்." காலமும் காசும் போட்டுக் கேட்டா அப்பா யோசிப்பார். "எனக்கு விருப்பம் இல்லை, விடுங்கோ" எண்டா சண்டைதான் வரும்.

படி 6: கையில பிடிபடும் மட்டும் நிண்டு பழகுங்கோ

உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977ல சொன்னது, "என்னால ஏலும்" எண்ட நம்பிக்கை நாலு வழியால வருது: தானே செய்து வெண்டது, தன்னைப் போல ஒரு ஆள் செய்ததைக் கண்டது, நம்பிக்கையான ஆள் சொன்னது, உடம்பும் மனசும் நல்லா இருந்தது. இதில பலமானது முதலாவது. அதாலதான் சின்னச் சின்ன வேலையா எடுத்து முடிக்கச் சொல்லுறன், ஒரு பிளவுஸ் வடிவாத் தைச்சு முடிக்கிறது பெரிய ரெயிலரிங் கடை பற்றின கனவைவிட பெலன் தரும்.

ரெண்டாவது வழி பற்றியும் ஒரு வார்த்தை. புதுக்குடியிருப்புப் பிள்ளைக்கு அமெரிக்காவில சிலிக்கன் வாலி கம்பியூட்டர் கொம்பனியளின்ர கதையால வாற பிரயோசனம் குறைவு, விசுவமடுவில இருந்து போய்ப் படிச்சு வந்த அக்கா ஒராள் வந்து அரை மணித்தியாலம் கதைச்சா அது வேலை செய்யும். பள்ளிக்கூட அதிபர்மாரே, பழைய மாணவரைக் கூப்பிடேக்க டொக்டரையும் இஞ்சினியரையும் மட்டும் கூப்பிடாதேங்கோ.

பழகேக்க உளவியலாளர் அன்டர்ஸ் எரிக்சன் சொன்னதை ஞாபகம் வச்சிருங்கோ, செய்ததையே திருப்பித் திருப்பிச் செய்யிறது பயிற்சி ஆகாது, பலவீனமான ஒரு இடத்தை எடுத்து, பிழையை உடன சொல்லுற ஆளை வச்சுக்கொண்டு திருத்துறதுதான் பயிற்சி.

படி 7: தூரத்து ஆக்களோட தொடர்பை வளருங்கோ

சமூகவியலாளர் மார்க் கிரனொவெற்றர் 1973ல எழுதினது இப்பவும் செல்லும். வேலை பற்றின புதுத் தகவல் நெருங்கின கூட்டாளியளைவிட எப்பவாவது காணுற ஆக்களால கூட வரும், ஏனெண்டா நெருங்கின ஆக்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்கும் முதலே தெரியும். எங்கட ஆக்கள் வெளிநாட்டில இருக்கிற மாமாவிட்டக் காசு மட்டும்தான் கேக்கிறம். "மாமா, நீங்கள் செய்யிற வேலையில என்ன படிச்ச ஆக்களை எடுக்கினம், ஒரு பத்து நிமிசம் சொல்லுங்கோ" எண்டு கேட்டுப் பாருங்கோ. மாமாவுக்கும் அது சந்தோசமா இருக்கும்.

படி 8: விட ஏலாத வேலையில இருக்கிறவைக்கு

பிள்ளையளோட தனிய நிண்டு குடும்பத்தை இழுக்கிற அக்காமாருக்கு "வேலையை மாத்துங்கோ" எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா வேலைக்குள்ளயே கொஞ்சம் மாத்தலாம். ஏமி ரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆஸ்பத்திரியில துப்பரவு வேலை செய்யிற ஆக்களோட கதைச்சுப் பாத்தவை. ஒரு பகுதி ஆக்களுக்கு அது வெறும் கூட்டித் துடைக்கிற வேலை. மற்றப் பகுதி ஆக்கள் நோயாளியோட கதைச்சு, பாக்க வந்த சொந்தக்காரருக்கு வழி காட்டி, தாங்களும் ஆளைச் சுகப்படுத்துற வேலைதான் செய்யிறம் எண்டு நினைச்சவை, அவைக்கு அதே வேலை நிறைவாயும் இருந்தது. கார்மென்ற்ஸில நிக்கிறவை உங்கட லைனில புதுசா வந்த பிள்ளைக்குப் பழக்கிற பொறுப்பைக் கேட்டு வாங்கலாம், கணக்கு பிடிச்சா ஸ்ரோர்ஸ் பக்கம் கேக்கலாம், ஒண்டும் விடமாட்டம் எண்டா வேலை வேலையா இருக்கட்டும், விருப்பத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கோ. முன்பள்ளிப் பிள்ளையளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறதும், கோயில் சங்கத்தில கணக்குப் பாக்கிறதும் நிறைவான வாழ்க்கைக்குள்ளதான் வரும். ஆனா மரியாதை இல்லாமல் நடத்துற, சம்பளம் ஒழுங்காத் தராத இடத்தை மனசை மாத்திச் சகிக்கச் சொல்லி இதை விளங்கிக்கொள்ளாதேங்கோ. அங்க மாறவேண்டியது வேலை குடுக்கிறவர்.

படி 9: விருப்பம் உங்களை விழுங்காமல் பாருங்கோ

கனடாவில கியூபெக்கில இருக்கிற உளவியலாளர் றொபேர்ட் வலெராண்ட் 2003ல விருப்பத்தை ரெண்டாப் பிரிச்சவர். ஒண்டு வாழ்க்கையின்ர மற்ற எல்லாத்தோடயும் ஒத்துப்போற விருப்பம், மற்றது ஆளைப் பிடிச்சு ஆட்டுற விருப்பம். வித்தியாசம் சுகமாத் தெரியும்: விட்டிட்டு வீட்டுக்கு வர ஏலுதோ? பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா அண்டைக்கு நிப்பாட்ட ஏலுதோ? சமூக வேலை செய்யிற எங்கட பிள்ளையள் இதில கனக்க மாட்டுப்படுகினம், சனத்தின்ர துன்பத்தைக் கேட்டுக் கேட்டு, இரவிலயும் ஃபோன் எடுத்து, கொஞ்ச வருசத்தில களைச்சு, பேந்து சனத்திலயே வெறுப்பு வந்து, நான் செய்து என்னத்தைக் கண்டன் எண்டு நிக்கினம். உளவியலாளர் கிறிஸ்ரினா மஸ்லாக் தொழில்ச் சோர்வுக்கு சொன்ன மூண்டு அடையாளமும் அதேதான்: களைப்பு, ஆக்களில வெறுப்பு, ஒண்டும் சாதிக்கேல்லை எண்ட உணர்வு. கிழமையில ஒரு நாள் ஃபோனை நிப்பாட்டுங்கோ. சனம் கோவிக்காது.

படி 10: நாளையும் நேரத்தையும் போட்டு எழுதுங்கோ

"நான் முயற்சி செய்யப்போறன்" எண்டு எழுதினா நடக்காது. உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் 1999ல காட்டினது, எப்ப, எங்க, என்ன எண்டு முன்னமே முடிவெடுத்து வச்சா செய்யிறதுக்கான வாய்ப்புக் கூடும். "புதன்கிழமை பின்னேரம் ரியூசன் முடிஞ்சா, நேர பரந்தன் சந்திக்குப் போய் அந்த சோலார் கடை அண்ணையோட கதைப்பன்." தடை வந்தா என்ன செய்யிறது எண்டதையும் அதே மாதிரி எழுதுங்கோ: "பஸ் விட்டா, ஃபோன் எடுத்து வியாழக்கிழமை வாறன் எண்டு சொல்லுவன்."

காலபோகம் முடிய ஒருக்கா, சிறுபோகம் முடிய ஒருக்கா கொப்பியைத் திறந்து வாசியுங்கோ. படி 2ல போட்ட கோட்டுக்கு மேல வீடு நிக்குதோ, படி 5ல இருக்கிற மூண்டு கேள்விக்கும் பதில் எப்பிடி இருக்கு, படி 4ல சொன்ன நாலு கட்டத்தில எதில நிக்கிறன் எண்டு பாருங்கோ. செய்து பாத்த வேலை ரெண்டு போகம் தாண்டியும் கேள்வியே எழுப்பாமல் இருந்தா அதை விடலாம். அந்தப் பக்கத்தில திகதியைப் போட்டு, ஏன் விட்டது, அதில என்ன பழகினது எண்டு ரெண்டு வரி எழுதிப்போட்டு, அடுத்த வேலையைச் செய்யிற ஆளின்ர ஃபோன் நம்பரை அதுக்குக் கீழ எழுதி அண்டைக்கே எடுங்கோ.